கீழக்கரையில் புலவர் வீடு எங்கே?

பாம்பன் தீவில், பாலத்தைக் கடந்து இராமேசுவரம் நோக்கிச் செல்லும் சாலையில் அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று அக்காள்மடம், மற்றொன்று தங்கச்சிமடம். சேதுபதி மன்னர் ஒருவர் தம் பெண்மக்கள் இருவரையும் ஒரே மாப்பிள்ளைக்கு மணமுடித்துக் கொடுத்திருந்தார் என்றும், சேது யாத்திரிகரிடம் சுங்கம் வாங்கிய குற்றத்திற்காக அம்மருகனுக்கே மரண தண்டனை விதித்தார் என்றும், கணவனோடு உயிர் நீத்த அச்சகோதரியர் நினைவாகவே வழிப்போக்கர் தங்கும் மடங்கள் இரண்டு எழுந்தன என்றும் இப்பகுதியார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இன்று அவ்வூர்களுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது மடம் அன்று. மீன்வலையும் தென்னந்தோப்பும் கடைத்தெருவுமே. ஆயினும் பேருந்து நடத்துநர் நாள்தோறும் அந்தச் சகோதரியர் இருவரையும் பெயர் சொல்லி அழைத்துக் கொண்டுதான் இருக்கிறார்.

அந்த அக்காள்மடத்திலிருந்து, சென்ற கோடை விடுமுறையில், எம் உறவினர் குடும்பங்கள் நான்கைந்து சேர்ந்து கீழக்கரையைப் பார்க்கப் புறப்பட்டன. வழிகாட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வரலாற்றில் ஓரளவு பழக்கம் உண்டு என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை. பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். வெறும் கட்டடங்களாகக் காட்டாமல், அங்கு வாழ்ந்த அறிஞர்களையும் கவிஞர்களையும் சொல்லிக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம்.

இவ்வாறு கலைஞர் வாழ்ந்த தெருக்களை நடந்து காணும் வழக்கம் மேனாடுகளில் பெரிதும் பரவியிருக்கிறது. பாரிஸ் மாநகரின் மோன்மார்த்ர் என்னும் குன்றுப் பகுதியில் வழிகாட்டிகள் கூட்டம் கூட்டமாக மக்களை அழைத்துச் செல்கின்றனர். அங்கே ஒரு பழைய மரக் கட்டடம் இருந்தது. ஆற்றில் மிதக்கும் சலவைப் படகைப் போலக் கோணலாக இருந்ததனால் அதற்குச் 'சலவைப் படகு' என்றே பெயர். ஓவியர் பிக்காசோ 1904 முதல் 1909 வரை அதில் வறுமையோடு வாழ்ந்தார். உலகப் புகழ் பெற்ற ஓவியமொன்றை 1907இல் அங்குதான் வரைந்தார். 1970இல் அக்கட்டடம் தீக்கிரையாகியது. ஆனாலும் அந்த இடத்தைப் பார்க்க இன்றும் மக்கள் செல்கின்றனர். சொத்தும் நிலையான தொழிலும் இன்றிக் கலையே கதியென வாழ்ந்த இத்தகையோரைப் பிரெஞ்சுக்காரர் 'பொஹீமியர்' என்றனர். நாடோடிகளாகிய ஜிப்சிகள் பொஹீமியா நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று தவறாகக் கருதி வைத்த பெயர் அது. பின்னர் ஊர் ஒழுங்குக்குள் அடங்காத கலைஞர் அனைவருக்கும் ஆயிற்று.

நம் தமிழகத்திலும் ஓவியர் ஊர் ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஒன்றுகூடி, துணியில் மெழுகுச் சாய ஓவியம் முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை அமைத்தனர். அங்கு வாழ்ந்து மறைந்தவருள் ஒருவர் ஜே. சுல்தான் அலி (1920–1990) என்பதையும், இந்திய ஓவிய உலகில் அவர் பெயர் நிலைபெற்றது என்பதையும் நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்?

ஆனால் சோழமண்டலத்துக்கும் மோன்மார்த்ருக்கும் மிக முந்தியே, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, புலவர் நாடிவந்த ஊர் ஒன்று நம் கடற்கரையில் இருந்தது. அதுவே கீழக்கரை.

அக்காள்மடத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறி, மண்டபம், உச்சிப்புளி கடந்து, இராமநாதபுரம் சென்று தெற்கே திரும்பினால் கீழக்கரை. 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர் தீவிலிருந்து வெளியேற இரயிலையோ தோணியையோ நம்ப வேண்டும். 1914இல் இரயில் பாலம் வருமுன் தோணி ஒன்றே கதி. அந்நாளில் கீழக்கரைக்குப் போகிறவர் சாலை வழியை நினைத்தே இருக்க மாட்டார். பாய் விரித்துக் கடல் வழியே போயிருப்பார். ஆதலால் பிள்ளைகளை முதலில் கடற்கரைக்கே அழைத்துச் சென்றேன். அவ்வூரின் தலைவாசல் அதுதான். பேருந்து நிலையம் பிற்காலத்துப் பின்கதவு.

முத்தும் சங்கும் இக்கடலின் செல்வம். அரிசியும் துணியும் மிளகும் இக்கரையில் ஏறி இறங்கின. இலங்கை கண்ணுக்கெட்டும் தூரம். மலாக்காவும் அச்சேயும் பருவக்காற்றுக்கு எட்டும் தூரம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வணிகத்தில் முதன்மை பெற்று விளங்கியவர், செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்னும் வள்ளல் சீதக்காதி. 'செய்கு அப்துல் காதிர்' என்பதே மக்கள் நாவில் 'சீதக்காதி' எனத் திரிந்தது. 1710 வரை சேது நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு அவர் நெருங்கிய துணைவர். மன்னர் பெயரையே தம் பெயருக்கு முன் பூண்டு 'விசய ரகுநாதப் பெரியதம்பி மரைக்காயர்' என்று வழங்கும் சிறப்பைப் பெற்றவர்.

அவருடைய வலிமையை அவரைப் பாடிய புலவர் சொல்லி அறிவதைக் காட்டிலும் அவருடைய பகைவர் சொல்லி அறிவது நன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கரையின் சங்கு, முத்து வணிகத்தைத் தாமே கைக்கொள்ள முயன்றபோது, குறுக்கே நின்றவர் பெரியதம்பி. அவர்கள் 1690இல் சேதுபதியோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், பெரியதம்பிக்கும் அவர் குடும்பத்தார்க்கும் நாட்டு நிருவாகத்தில் பொறுப்பு ஏதும் அளித்தலாகாது என்று ஒரு விதியையே சேர்த்தனர். ஒரு தனி வணிகரைப் பெயர் குறித்து விலக்க ஒரு வல்லரசுக் கம்பெனி உடன்படிக்கை எழுத வேண்டியிருந்தது என்றால், அவர் எத்தகையவர் என்பதற்கு வேறு சான்று எதற்கு? 'பெரியதம்பி' என்ற பட்டம் அக்குடும்பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர்க்கு வழங்கியிருக்கிறது. அதனால்தான் வள்ளலின் பிறப்பு, இறப்பு ஆண்டுகளை ஆய்வாளர் வெவ்வேறாகக் கணிக்கின்றனர். இராமநாதபுரத்து வரலாற்றறிஞர் எஸ். எம். கமால் போன்றோர் செப்பேடுகளையும் ஓலைகளையும் துருவி எழுதிய பின்னரும் இச்சிக்கல் முற்றத் தீர்ந்தபாடில்லை.

கடற்கரையிலிருந்து நடுத்தெருவுக்கு நடந்தோம். பழைய ஜும்ஆ பள்ளிவாசல் அங்கே நிற்கிறது. முதன்முறை பார்ப்பவர் ஒரு கணம் திகைப்பர். வரிசை வரிசையாய்க் கல் தூண்கள், போதிகைகள், மேலே கற்பலகை பரப்பிய தளம். இராமேசுவரத்துப் பிரகாரங்களைப் பார்த்துப் பழகிய எங்கள் தீவுப் பிள்ளைகளுக்கு அந்தக் கல் மொழி புதிதன்று. "இது கோயில் மாதிரி இருக்கே, பெரியப்பா!" என்றான் ஒருவன். அவன் சொன்னதில் தவறில்லை. அதே மண்ணின் சிற்பியர், அதே உளி, அதே அளவுகோல். ஒன்றே ஒன்றுதான் வேறு: மனித உருவமும் விலங்குருவும் இல்லை. பூவும் கொடியும் கோலமுமாகவே தூண்கள் செதுக்கப்பட்டுள்ளன. அதற்கு மேல் நான் விளக்கவில்லை; பையன் தூணைத் தடவிப் பார்த்துக் கொண்டிருந்தான்.

இப்பள்ளியை எழுப்பியவர் சீதக்காதி என்பது ஊர் மரபு. அவர் அடக்கமும் பள்ளியை ஒட்டியே உள்ளது. 'செத்தும் கொடுத்தார் சீதக்காதி' என்ற பழமொழி தமிழர் அனைவரும் அறிந்தது. அதற்கு வழங்கும் கதையும் அறிந்ததே. வள்ளலை நாடி நெடுந்தொலைவிலிருந்து வந்த புலவர், அவர் மறைந்த செய்தி கேட்டு அடக்கத்தின் முன் நின்று பாடிப் புலம்ப, உள்ளிருந்து கை நீண்டு மோதிரத்தை ஈந்தது என்பர். படிக்காசுப் புலவர் என்பாரும் உண்டு. நமச்சிவாயப் புலவர் என்பாரும் உண்டு. தமக்குப் பிறகு வரும் புலவருக்குக் கொடுக்குமாறு வள்ளல் மோதிரத்தை முன்னரே ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார் என்று சொல்லிக் கதையை நம்பத் தகுந்ததாக்க முயல்வாரும் உண்டு. அவரவர் விருப்பம். கை நீண்டதா என்பதைவிட, அந்தப் புலவர் யார் என்பதே என் கருத்தில் நிற்கிறது. ஊர் ஊராய், அரண்மனை அரண்மனையாய் அலைந்து, இன்று விருந்தும் நாளைப் பட்டினியுமாய் வாழ்ந்தவர்; ஒரு வள்ளல் மறைந்தால் வாழ்வே முடிந்ததென அழுதவர். படிக்காசுப் புலவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் சீதக்காதியின் வாசலில் அவருக்கு இடம் இருந்தது. பாரிஸ் நகரத்தார் பெயரிட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அந்த வாழ்வை நம் புலவர் அதற்கு நெடுங்காலம் முன்பே வாழ்ந்து முடித்துவிட்டனர்.

ஊர் ஒழுங்குக்கு அடங்காத வாழ்வை இலக்கியமாகவே ஆக்கிய நூலொன்றும் வள்ளல் பெயரால் உண்டு. அது 'சீதக்காதி நொண்டி நாடகம்'. நொண்டி நாடகத்தின் தலைவன் பெரும்பாலும் ஒரு திருடன். பொருளைத் தாசியரிடம் தொலைத்து, குதிரை திருடப் போய் அகப்பட்டுக் காலிழந்து, தன் கதையைத் தானே அவையில் நின்று பாடுவான். இந்நாடகத்தின் நொண்டி சீதக்காதியின் ஆதரவை அடைகிறான். மக்கா சென்று இறைவனிடம் இறைஞ்சி உறுப்பு நலம் பெறுகிறான். வள்ளலின் பெருமையை ஒரு கள்வன் வாயால் சொல்லவிட்டு, அதை அவையோர் கேட்டுச் சிரித்தும் உருகியும் மகிழ்ந்திருக்கின்றனர். இன்றைய நம் விழா மேடைகளில் அப்படி ஒரு நாடகத்திற்கு இடம் கொடுப்போமா என்று எண்ணிப் பார்த்தேன். விடை எனக்கு உவப்பாக இல்லை.

பின்னர் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்திற்குச் சென்றோம். காயல்பட்டினத்தில் ஹிஜ்ரி 1042இல் (கி.பி. 1632) பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, ஹிஜ்ரி 1115இல் (கி.பி. 1703) மறைந்த பேரறிஞர் அவர்கள். அரபு மொழியில் கவிபாட வல்லவர். பெருமானார் (ஸல்) அவர்கள் மீது பாடப்பட்ட வித்ரிய்யாவை அவர்கள் ஐந்தடியாக விரித்துப் பாடிய தக்மீஸ் புகழ்மிக்கது. திருநெல்வேலியை அடுத்த பாளையங்கோட்டையில் 1971இல் தொடங்கப்பெற்ற கல்லூரி அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்குதான் நான் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொன்னேன். ஏனெனில் இங்குதான் உமறுப் புலவர் வாசலில் நின்றார்.

உமறு (1642–1703) எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். தந்தையார் வாசனைப் பொருள் வணிகர் என்பர். இளம் வயதிலேயே, வடக்கிலிருந்து வந்த வாலைவாருதி என்ற செருக்குமிக்க புலவரைத் தம் ஆசிரியருக்காக வாதில் வென்றார் என்றும், எட்டயபுரம் சமஸ்தானத்தின் அவைப் புலவரானார் என்றும் மரபுச் செய்தி கூறும். பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் பெருங்காப்பியமாகப் பாட ஒருவர் வேண்டுமெனச் சீதக்காதி விழைந்தபோது, கண்ணில் பட்டவர் இவரே. ஆனால் தமிழ் இருந்தால் மட்டும் போதாதே! மூலச் செய்திகள் அரபியில் இருந்தன. அவற்றை எடுத்துரைக்க ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடினர்.

அரண்மனைப் புலவருக்குரிய உடையோடும் அணியோடும் வந்து நின்ற உமறுவைக் கண்ட அப்பா அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பது கதை. இந்தக் கோலத்தில் இருப்பவர் அண்ணலாரின் வரலாற்றைப் பாடுவதா என்பது அவர்கள் ஐயம். உமறு மனமுடைந்து பள்ளியில் படுத்தார். கனவில் அருள் கிட்டிற்று. அப்பா அவர்களுக்கும் அவ்வாறே அறிவிப்பு வந்தது. பின்னர் இசைந்தார்கள் என்று ஒரு சாரார் கூறுவர். பரங்கிப்பேட்டையில் இருந்த லெப்பை அலி ஹாஜியாரிடம் சென்று செய்திகளைப் பெற்றார் என்று மற்றொரு செய்தியும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

இக்கதையை மேடையில் சொல்வோர் கனவில் நிறுத்தி விடுவர். நான் வாசலில் நிற்க விரும்புகிறேன். ஒரு பக்கம், ஆண்டுக்கணக்கில் அரபு நூல்களில் தோய்ந்த ஆலிம். மற்றொரு பக்கம், கம்பனையும் தமிழ் யாப்பையும் கரைத்துக் குடித்து, அரசவையில் பிறமதத்துப் புலவரோடு பழகி, அவர்கள் உடையையே உடுத்தி வாழ்ந்த கவிஞர். அப்பா அவர்களின் தயக்கத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அண்ணலாரின் வரலாறு விளையாட்டுப் பொருள் அன்று. ஒரு சொல் தவறினாலும் ஈமானைத் தொடும் காரியம். ஆயினும் அந்தக் கதவு இறுதிவரை மூடியே இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஆலிமிடம் செய்தி இருந்தது. அதைத் தமிழ்நாட்டு உழவனும் மீனவனும் கேட்டு உருகும் பாட்டாக்கும் கருவி, அந்த உடையணிந்த மனிதரிடம் அல்லவா இருந்தது? சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தை எடுத்துப் பாருங்கள். அரபு நாட்டில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, உழவர் நாற்று நடுகின்றனர். அரபு நாட்டை நேரில் கண்டவர் சிரிக்கலாம். ஆனால் தமிழ்க் காப்பியம் தன் தலைவனுக்கு அளிக்கும் மிக உயர்ந்த மரியாதை, வளமான நாட்டைப் பாடுவது. உமறு அந்த மரியாதையைப் பெருமானாருக்கு அளித்தார். எட்டயபுரத்து அரண்மனையில் வளர்ந்த புலவருக்கன்றி வேறு யாருக்கு அது தோன்றியிருக்கும்?

விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜுறத்து என மூன்று காண்டங்கள்; 92 படலங்கள்; 5,027 பாடல்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுமையும் பாடி முடிக்கப் புலவருக்கு ஆயுள் போதவில்லை. எஞ்சிய பகுதியைப் பிற்காலத்தில் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா' எனப் பாடினார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். காப்பியத்தைத் தூண்டியவர் சீதக்காதி. ஆனால் காப்பியத்துள் அவர் பெயரைக் காண இயலாது. நூல் முடியுமுன் அவர் மறைந்ததாகவும், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்து முடிப்பித்ததாகவும் கூறுவர். புலவர் பல இடங்களில் நன்றியோடு பாடுவது அபுல் காசிமையே. வள்ளலுக்கு அவர் தனியே 'சீதக்காதி திருமண வாழ்த்து' பாடியிருக்கிறார் என்றாலும், பெருங்காப்பியத்தில் மௌனம். நன்றி மறந்தார் என்று புலவரைக் குறை சொல்வாரை நான் ஏற்கவில்லை. அன்று சோறிட்டவரைப் பாடுவது புலவர் மரபு. அந்த மௌனத்தைக் கொண்டே, சீதக்காதி தூண்டினார் என்ற செய்தியையே ஐயுறுவாரும் உள்ளனர். எனக்கோ, மோதிரக் கதையைவிட இதுவே அப்பழமொழிக்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. கொடுத்தவர் மறைந்த பின்னர்தான் அந்தக் கொடை நம் கைக்கு வந்து சேர்ந்தது.

இவ்வளவையும் கேட்டுக் கொண்டிருந்த ஒரு சிறுமி, ஏழாம் வகுப்புப் படிப்பவள், எழுந்து கேட்டாள்: "பெரியப்பா, வள்ளல் கட்டின பள்ளியைக் காட்டினீங்க. அப்பா அவங்க அடக்கத்தைக் காட்டினீங்க. உமறுப் புலவர் வீடு எங்கே இருக்கு?"

எனக்குச் சட்டென விடை வரவில்லை. கீழக்கரையில் அவருக்கு வீடு இல்லை. அவர் இங்கு விருந்தாளி. அடக்கமும் எட்டயபுரத்தில்தான். அங்கும் நெடுங்காலம் பேணுவாரின்றிக் கிடந்த இடத்தில் 1912இல் நினைவிடம் எழுப்பியவர் பிச்சைக் கோனார் என்ற இந்துப் பெருமகன். தமிழக அரசு மணிமண்டபம் அமைத்தது 2007இல். நம்மவர் செல்வத்துக்குக் குறைவிருந்ததா? கப்பல் ஓட்டிய குடும்பங்கள் எத்தனை! புலவர் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு கோனார் வந்து செய்ய வேண்டியிருந்தது. அச்சில் நூலைக் கொணர்ந்த பெருமை மட்டும் நம்மவர்க்கு உண்டு. 'புலவர் நாயகம்' எனப் புகழ்பெற்ற செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளைத் தேடித் தொகுத்து 1842இல் பதிப்பித்தார்கள். அவர்கள் இல்லையேல் 5,027 பாடல்களும் கறையானுக்கு இரையாகியிருக்கும்.

அந்தச் சிறுமியிடம், "வா, இந்த ஊரிலேயே வாழ்ந்து பாடியவர்களையும் காட்டுகிறேன்" என்று சொல்லி அழைத்துச் சென்றேன்.

அரூஸிய்யா மதரஸாவின் பக்கம் நடந்தோம். தைக்கா சாகிபு (ரஹ்) அவர்களின் மகளை மணந்ததனால் 'மாப்பிள்ளை லெப்பை ஆலிம்' என்றே ஊரார் அழைத்த செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898) அவர்களின் இடம் அது. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரைக்கு வந்தவர்கள். அரபுத் தமிழில் அவர்கள் எழுதிய 'மகானி' என்ற மார்க்கச் சட்ட நூலைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீடுதோறும் ஓதினர். அரபு எழுத்தில் தமிழை எழுதுவது எவ்வாறு என்று பிள்ளைகள் கேட்டனர். அரபியில் 'ப' இல்லை, 'ட' இல்லை, 'ங' இல்லை, 'ழ' இல்லை. ஆகவே இருக்கும் எழுத்துகளுக்குப் புள்ளி கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக் கொண்டனர் என்று மணலில் எழுதிக் காட்டினேன். குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள், தமிழ் எழுத்துப் பயிலாமலே, இவ்வெழுத்தின் வழியாகத் தமிழ் நூல்களைப் படித்தனர். நம் பாட்டிமாரைக் கல்லாதவர் என்று கணக்கெடுப்பில் குறித்தவர்கள் இதை அறியவில்லை.

பெண்கள் என்றதும் ஆசியா உம்மா அவர்களைச் சொல்லாமல் விட முடியுமா? கீழக்கரையில் செல்வக் குடும்பத்தில் பிறந்து, கல்வத்து நாயகம் அவர்களின் வழிநின்று, தனித்திருந்து இறைதியானத்தில் ஆழ்ந்து 'மெய்ஞ்ஞானத் தீப இரத்தினம்' முதலிய ஞானப் பாடல்களைப் பாடியவர் அவர். பொஹீமியர் ஊரை விட்டு வெளியேறி விடுதலை தேடினர். இந்த அம்மையார் ஒரு வீட்டின் உள்ளறையில் அமர்ந்து அதைத் தேடினார். உமறுவின் வீட்டைக் கேட்ட சிறுமி, இவர் வீடு எந்தத் தெருவில் என்று கேட்டாள். தெருவில் இருவரை நிறுத்திக் கேட்டோம். ஒருவர் வடக்கே கைகாட்டினார். மற்றவர், அப்படி ஒரு பெயரைத் தாம் கேட்டதில்லை என்றார்.

இந்நிலை ஏன் வந்தது? 1973இல் திருச்சியில் தொடங்கிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் பல ஊர்களில் நடந்தன. 1990இல் இக்கீழக்கரையிலேயே நடந்தது. மலர்கள் வெளிவந்தன; பேராசிரியர்கள் கட்டுரை படித்தனர்; பல்கலைக்கழகங்களில் ஆய்வு நிகழ்ந்தது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் மாநாட்டுப் பந்தலுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் இடையே ஒரு கண்ணி அறுந்து போயிற்று. என் இளமையில், உம்மாவைப் பெற்ற பாட்டியார் ரபீஉல் அவ்வல் பிறை பிறந்ததும் விளக்கேற்றிச் சீறாவை விரிப்பார். ஒருவர் அடி பாட, மற்றொருவர் பொருள் சொல்வார். அண்டை வீட்டு இந்துப் பெண்களும் வந்து சுவரோரம் அமர்வர். பாட்டியாருக்குக் காண்டம் எத்தனை, படலம் எத்தனை என்று தெரியாது. ஹலீமா நாயகியார் குழந்தையைப் பிரியும் இடம் வந்தால் அழுவார். எனக்குக் காண்டமும் படலமும் தெரியும். அந்த இராகம் தெரியாது.

பாரிஸ் வழிகாட்டிக்கு ஒரு வசதி உண்டு. ஓவியரின் அறையைக் காட்டிவிட்டால் அவர் வேலை ஓரளவு முடிந்தது. ஓவியம் காட்சிக்கூடத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்துக் கொள்ளலாம். செவிக்காகப் பாடப்பட்ட காப்பியத்திற்கு அத்தகைய கூடம் இல்லை. நான் அன்று கல்லைக் காட்டினேன், அடக்கத்தைக் காட்டினேன், ஆண்டுகளைச் சொன்னேன். சீறாவிலிருந்து ஒரு பாட்டைக்கூட இராகத்தோடு பாடிக் காட்ட என்னால் இயலவில்லை. அந்தச் சிறுமியின் கேள்வியைவிட இதுவே என்னை உறுத்தியது. இனி யாரேனும் கீழக்கரையைச் சுற்றிக் காட்டப் புறப்பட்டால், வரலாறு தெரிந்தவரைத் தேடுவதற்கு முன் சீறா பாடத் தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடிக் கொள்க. கிடைக்கமாட்டார் என்று சொல்லாதீர்கள். காயலிலும் கீழக்கரையிலும் மேலப்பாளையத்திலும் வீட்டு மூலையில் கேட்பாரின்றி இருக்கலாம்.

அஸர் தொழுது, கடைத்தெருவில் தேநீர் அருந்தி, பேருந்து ஏறினோம். பாலத்தின் மேல் வரும்போது மறைந்து கொண்டிருந்த வெளிச்சத்தில் 2025இல் திறந்த புதிய இரயில் பாலத்தைப் பிள்ளைகள் எண்ணி எண்ணிப் பார்த்தனர். சிறுமியின் தாயார், தம் மாமியார் பெட்டியில் சீறா ஒன்று கிடப்பதாகவும், அட்டை போய்விட்டதாகவும், யாரும் தொடுவதில்லை என்றும் சொன்னார்.

அடுத்த முறை அக்காள்மடம் சென்றபோது அந்தப் பெட்டியைத் திறந்தோம். தாள்கள் மஞ்சளித்து ஓரம் உதிர்ந்தன. ஓரங்களில் அரபுத் தமிழில் யாரோ ஒரு பெண்கையின் குறிப்புகள். எந்தப் பிறையில் எதுவரை ஓதியது என்ற கணக்கு. சிறுமி சீர் பிரிக்கத் தெரியாமல் தடுமாறினாள். நான் பிரித்துச் சொல்ல, அவள் படித்தாள். கட்டிலில் படுத்திருந்த மாமியார் ஒரு சொல்லைத் திருத்தினார். பிறகு, யாரும் கேளாமலே, அடுத்த அடியைத் தாமே பாடினார். எண்பது வயதைத் தாண்டியவர், குரல் நடுங்கிற்று, இராகம் நடுங்கவில்லை. இப்போது வெள்ளி தோறும் மஃரிபுக்குப் பின் பாட்டியும் பேத்தியும் அமர்கின்றனர். சென்ற மாதம் நான் போயிருந்தபோது மணம்புரி படலம் வரை வந்திருந்தனர்.